ஒரே மேசை, வேறு பீங்கான்

பிரெஞ்சு மொழியில் எனக்குத் தெரிந்திருந்த ஐந்தாறு சொற்களுள் ஒன்று ‘மெர்ஸி’. நன்றி என்று பொருள். அந்தச் சொல்லை நம்பியதால்தான் 2016 மே மாதத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணியின் வீட்டு மேசையில் நான் அரை வயிற்றோடு எழும்ப நேர்ந்தது.

பரிஸுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில் வாழும் என் சாச்சாவின் மகனிடம் போயிருந்தேன். அவனுடைய அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியே இருந்தார். ஊரிலிருந்து ஆள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு எங்களை அழைத்தார். பன்றியிறைச்சியும் மதுவும் எங்களுக்கு ஆகாது, மற்ற இறைச்சியும் ஹலால் இல்லாவிட்டால் தொடமாட்டோம் என்பதைத் தம்பி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். அதனால் மீன் சமைத்திருந்தார். வாட்டிய மீனும் வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கும். முதற்சுற்று முடிந்தது. நம்மூர்க் கணக்கில் அது ஒரு சிறுபிள்ளையின் சாப்பாடு. இரண்டாவது முறை கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நீட்டி ஏதோ கேட்டார். நான் மலர்ந்த முகத்தோடு ‘மெர்ஸி’ என்றேன். பாத்திரம் அப்படியே என்னைக் கடந்து அடுத்தவரிடம் போய்விட்டது.

தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “காக்கா, சாப்பாட்டை நீட்டக்குள்ள மெர்ஸி எண்டா இஞ்ச ‘நன்றி, வேணா’ எண்டுதான் அர்த்தம். வேணுமெண்டா ‘வுயி’ எண்டு சொல்லோணும்” என்றான்.

நன்றி சொல்வதும் மறுப்பதும் அங்கே ஒரே சொல். அன்று அது எனக்கு வெறும் பகிடியாகத்தான் பட்டது. ஊருக்குத் திரும்பி வந்து, அந்த நாட்டின் பாடசாலைச் சாப்பாட்டு வழக்குகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அதற்குள் ஒரு பெரிய கேள்வி இருப்பது புரிந்தது. ஒருவர் தரும் உணவை மறுப்பது அவரையே மறுப்பதாகுமா? ஒரு மேசையில் ஒன்றாக இருப்பதற்கு எல்லோரும் ஒன்றையே தின்றாக வேண்டுமா?

பிரெஞ்சுக்காரரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையை அவர்களைப்போல் கருத்தோடு பேணுகிற சமூகங்கள் குறைவு. 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ‘பிரெஞ்சுக்காரரின் விருந்துணவு’ என்பதை மனித குலத்தின் அருவ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இதில் கவனிக்க வேண்டியது, சேர்க்கப்பட்டது எந்தவொரு கறியோ பண்டமோ அல்ல என்பது. ஒன்றுகூடி அமர்வது, மேசையை அலங்கரிப்பது, தொடக்க உணவு, முதன்மை உணவு, பாற்கட்டி, இனிப்பு என்று வரிசை பிசகாமல் பரிமாறுவது, உண்பதைப் பற்றியே உரையாடுவது ஆகிய முழுச் சடங்குமே சேர்க்கப்பட்டது. உண்பதற்கும் குடிப்பதற்கும் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் செலவிடுகிறவர்கள் அவர்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி நிறுவனத்தின் கணக்குகளில் பிரான்ஸ்தான் இதில் முன்னணியில் நிற்கும். அமெரிக்கர் செலவிடுவது அதில் ஏறத்தாழ அரைவாசி.

அவர்களுடைய தொழிற் சட்டக் கோவையில் ஒரு விதி உண்டு. வேலை செய்யும் இடத்திலேயே ஊழியர் சாப்பிடுவதற்கு முதலாளி அனுமதிக்கக் கூடாது என்பது அது. சுகாதாரத்துக்காக வந்த விதிதான். ஆனால் அதன் பயனைப் பாருங்கள். கணினிக்கு முன்னால் ஒரு கையில் பாணும் மறு கையில் வேலையுமாக இருப்பது அங்கே சட்ட மீறல். 2021 பெப்ரவரியில் கொரோனா காரணமாக அந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியபோது அது ஒரு தேசியச் செய்தியாயிற்று. அவசரமாகத் தின்பதை அவர்கள் ‘பெருவிரலின் மேல் வைத்துத் தின்பது’ என்கிறார்கள். மேசையில்லாத சாப்பாட்டுக்கு விரல்தான் மேசை என்ற ஏளனம் அதில் தொனிக்கிறது.

மேசைக்கென்று அவர்களிடம் உள்ள ஒழுங்குகளைத் தம்பி எனக்கு வீட்டிலேயே பாடம் நடத்தியிருந்தான். கையை மடியில் வைக்கக் கூடாது, மணிக்கட்டு மேசை விளிம்பில் தெரிய வேண்டும். ஆங்கிலேயர் வழக்கத்துக்கு இது நேர் எதிர். ஒளித்த கையில் ஆயுதம் இருக்கலாம் என்ற பழைய அச்சத்தின் எச்சம் என்று இதற்கு ஒரு கதை சொல்வார்கள். பாணுக்கென்று தனிப் பீங்கான் இல்லை, மேசை விரிப்பின் மேலேயே வைக்கலாம். அதைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்து உண்ண வேண்டும். இலைக் கீரைச் சலாதையும் கத்தியால் வெட்டக் கூடாது, முள்ளுக்கரண்டியால் மடித்து எடுக்க வேண்டும். துருப்பிடிக்காத இரும்பு வருவதற்கு முன்னர் வினாகிரி பட்ட கத்தி கறுத்துப் போய்விடும். கத்தி மாறிவிட்டது, விதி மாறவில்லை. பாணைக் குப்புற வைத்தால் கூடாது என்பார்கள். ஊரின் கொலைத் தண்டனைக்காரனுக்கென்று பேக்கரிக்காரர் ஒதுக்கி வைத்த பாணை அப்படித்தான் கவிழ்த்து வைப்பாராம். கதை மெய்யோ பொய்யோ, இன்றும் குப்புறக் கிடக்கும் பாணைக் கண்டால் யாரோ ஒருவருடைய கை தானாகவே நீண்டு அதை நிமிர்த்தி வைக்கும்.

வயிறு நிறைந்துவிட்டது என்பதை அப்படியே பிரெஞ்சில் மொழிபெயர்த்துச் சொல்லிவிடாதே என்று தம்பி விசேடமாக எச்சரித்தான். வெறி முற்றியவனையும் சினைப்பட்ட பசுவையும் குறிக்கிற பேச்சு அது. ‘மிக நன்றாகச் சாப்பிட்டேன்’ என்றுதான் முடிக்க வேண்டும். தொடங்கும்போது எல்லோரும் சொல்லும் ‘பொன் அப்பெத்தி’ கூட, பழைய பெரிய வீட்டு மரியாதைக்காரருக்குப் பிடிக்காத சொல். மேசையில் வயிற்றின் வேலையை நினைவூட்டலாகாது என்பது அவர்கள் வாதம்.

இவ்வளவையும் வெறும் நாகரிகம் என்று மெச்சிவிட முடியாது. மேசை ஒழுங்கு என்பது ஒரு வேலியுந்தான். முள்ளுக்கரண்டியும் கைக்குட்டையும் எவ்வாறு ஐரோப்பிய மேல்வகுப்பாரின் வெட்க உணர்வை வளர்த்து, கீழே உள்ளவரைப் பிரித்துக் காட்டின என்பதை 1939இல் நோர்பேர்ட் எலியாஸ் எழுதினார். 1979இல் பியர் பூர்தியூ பிரான்ஸையே எடுத்துக்கொண்டு, ஒருவர் என்ன தின்கிறார், எப்படித் தின்கிறார் என்பதிலிருந்தே அவருடைய வர்க்கத்தைப் படிக்கலாம் என்று காட்டினார். அந்த மேசையில் என் மணிக்கட்டைச் சரியான இடத்தில் வைப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிறந்தது முதல் அதைப் பழகியவருக்கு அது பாடே அல்ல.

ஆனால் அவர்களுடைய அன்றாடச் சொற்களைத் துருவினால் இன்னொரு முகம் தெரிகிறது. அது எனக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது.

நண்பனை அவர்கள் ‘கொபேன்’ என்கிறார்கள். (உச்சரிப்புச் சற்றுப் பிசகினால் நம்மூரில் அடிபிடியில் முடியும்.) பழைய வடிவத்தில் அது பாணைப் பங்கிட்டு உண்பவன் என்ற பொருளுடைய சொல். ‘கொம்’ என்றால் கூட, ‘பானிஸ்’ என்றால் இலத்தீனில் பாண். அந்தப் ‘பானிஸ்’தான் போர்த்துக்கேயர் வாயில் ‘பாஓங்’ என்றாகிக் கடல் கடந்து வந்து நம்முடைய பாண் ஆயிற்று. காலையில் பேக்கரிச் சைக்கிள்காரனிடம் ஒரு றாத்தல் பாண் என்று கேட்கிற நாம், பிரெஞ்சுக்காரன் நண்பனை அழைக்கும் சொல்லில் பாதியைச் சொல்கிறோம்.

பகல் உணவுக்கு அவர்களிடம் உள்ள பெயர் ‘தெஜுனே’. இராச்சாப்பாடு ‘தினே’. இரண்டும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து பிரிந்தவை. இரண்டுக்கும் மூலப் பொருள் நோன்பு திறத்தல்! நோன்பு நாளிலும் இல்லாத நாளிலும் அவர்கள் நாளைக்கு இரண்டு தடவை நோன்பு திறக்கிறார்கள். காலை உணவு சின்ன நோன்பு திறப்பு. சொல்லின் உள்ளே பசி அடங்கியிருக்கிறது, சொல்பவர் அதை மறந்துவிட்டார்.

மேசைக்கு வரும் பண்டங்களின் பெயர்களிலும் இப்படி ஒரு மறதி உண்டு. சீனி, கோப்பி, தோடை, அப்ரிகொட், பசளிக் கீரை வகையான ‘எப்பினார்’, கூனைப்பூவான ‘ஆர்த்திஷோ’, குளிர்ந்த ‘சொர்பே’, பாணியான ‘சிரோ’ ஆகிய எல்லாவற்றின் பிரெஞ்சுப் பெயர்களும் அரபு வழியாக வந்து சேர்ந்தவை. ‘சொர்பே’ நம்முடைய சர்பத்தின் தம்பி. மதுவின் பொதுப்பெயரான ‘அல்கோல்’ கூட அரபுதான், அதைச் சொல்லி நாம் பெருமைப்பட முடியாது என்றாலும். கோப்பிக்குக் கொச்சையில் ‘கவா’ என்கிறார்கள், கொஞ்சம் என்பதற்கு ‘ஷுயியா’. அல்ஜீரியாவிலிருந்து சிப்பாய்களோடு வந்த சொற்கள் இவை. குஸ்குஸ் எத்தனையோ பிரெஞ்சு வீடுகளில் வாரச் சாப்பாடு ஆகிவிட்டது. பொருளையும் பெயரையும் மேசைக்கு எடுத்துவிட்டார்கள், அவற்றைக் கொண்டுவந்தவர்களுக்குக் கதிரை போடுவதில்தான் தயக்கம்.

எல்லாவற்றிலும் என்னைச் சிந்திக்க வைத்த சொல் ‘ஓத்’. விருந்தளிப்பவருக்கும் அந்தச் சொல், விருந்தாளிக்கும் அதே சொல். யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பதை வாக்கியத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். இந்தச் சொல்லின் இரட்டை முகத்தை வைத்துப் பெரிய சிந்தனையைக் கட்டியவர் ழாக் தெரிதா. அவர் 1930இல் அல்ஜியேர்ஸின் எல் பியாரில் பிறந்த யூதர். 1942இல், விஷி ஆட்சியின் யூத எதிர்ப்புச் சட்டங்கள் காரணமாகப் பாடசாலையிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுவன். அவர்தான் பிற்காலத்தில் விருந்தோம்பலைப் பற்றி எழுதினார். நிபந்தனை விதித்து வரவேற்பது வரவேற்பாகுமா, நிபந்தனையே இல்லாமல் வரவேற்கத்தான் முடியுமா என்ற இரண்டுக்கும் நடுவில் மனிதன் தடுமாறுவதை அவர் மறைக்கவில்லை.

தமிழில் விருந்தாளியும் விருந்துணவும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ‘விருந்து வந்திருக்கிறது’ என்றால் ஆள், ‘விருந்து வைத்தார்’ என்றால் சோறு. அந்தச் சொல்லின் பழைய பொருளோ புதுமை. அதாவது, வருகிறவர் நமக்குத் தெரியாதவர், நம்மைப் போலிராதவர் என்பதைச் சொல்லே ஒப்புக்கொண்டுவிடுகிறது. அவர் நாம் தின்பதைத் தின்னாதவராகவும் இருக்கலாம்.

இனி நம்மை உறுத்துகிற விடயத்துக்கு வருவோம்.

2006ஆம் ஆண்டளவில் பரிஸிலும் வேறு நகரங்களிலும் தீவிர வலதுசாரிக் குழுக்கள் சில, குளிர்காலத்தில் வீதியில் படுக்கும் ஏழைகளுக்குச் சூடான சூப் கொடுத்தன. நல்ல காரியந்தானே? அந்தச் சூப்பில் வேண்டுமென்றே பன்றியிறைச்சி போட்டிருந்தார்கள். முஸ்லிமும் யூதனும் வரிசையில் நிற்க முடியாதபடி சமைத்த தருமம் அது. பரிஸ் பொலிஸ் தலைமை அதைத் தடை செய்தது. கீழ் நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்தது. 2007 ஜனவரி 5ஆம் திகதி நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமான அரச பேரவை தடையை மீண்டும் நிலைநாட்டியது. யாரையும் வரிசையிலிருந்து கையால் தள்ளாமல், பானைக்குள் போடும் ஒரு துண்டு இறைச்சியாலேயே தள்ளிவிடலாம் என்பதை நீதிபதிகள் கண்டுகொண்டார்கள்.

இந்த வழக்கில் சரி எது பிழை எது என்று சொல்வது எளிது. அடுத்தது அவ்வளவு எளிதல்ல.

பிரான்ஸின் கிழக்குப் பகுதியில் ஷலோன்-சூர்-சோன் என்றொரு நகரம். அங்கே பாடசாலை உணவுக்கூடங்களில் 1984ஆம் ஆண்டு முதல் ஒரு வழக்கம் இருந்தது. பன்றியிறைச்சி சமைக்கும் நாளில், அதை உண்ணாத பிள்ளைகளுக்கு மாற்றாக வேறொரு கறி கிடைக்கும். முப்பது ஆண்டுகளாக ஒருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 2015 மார்ச்சில் நகர மேயர், அடுத்த கல்வியாண்டிலிருந்து மாற்று உணவு கிடையாது என்று அறிவித்தார். அவர் காட்டிய காரணம் மதச்சார்பின்மை. 2017 ஓகஸ்ட்டில் டிஜோன் நிர்வாக நீதிமன்றம் பிள்ளைகளின் நலனைக் காட்டி அந்த முடிவை இரத்துச் செய்தது. 2018இல் லியோன் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இரத்தை உறுதி செய்தது. கடைசியாக 2020 டிசம்பர் 11இல் அரச பேரவை இரு பக்கமும் வெட்டும் தீர்ப்பொன்றை வழங்கியது. மாற்று உணவு கொடுத்தேயாக வேண்டும் என்ற கடமை நகரசபைக்கு இல்லை. கொடுப்பதை மதச்சார்பின்மைக் கோட்பாடு தடுக்கவும் இல்லை. அதாவது, சட்டம் கையை விரித்துவிட்டு, உங்கள் மனச்சாட்சிப்படி செய்யுங்கள் என்றது.

மேயரின் பக்கம் நின்று யோசித்துப் பார்க்கிறேன். ஆத்திரத்தில் அவரை இனவாதி என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவது சுகமானது, ஆனால் அது வாதமாகாது. 1905இல் தேவாலயத்தை அரசிலிருந்து சட்டத்தால் பிரித்த நாடு அது. பிள்ளை பாடசாலை வாசலைத் தாண்டியதும் அது யாருடைய மதத்துக்கும் உரியதல்ல, குடியரசின் பிள்ளை. எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே வாங்கு, ஒரே சோறு. மாற்றுக் கறி கொடுத்தால், அந்தக் கறிக்காரர் ஒரு பக்கமும் இந்தக் கறிக்காரர் ஒரு பக்கமுமாக மேசைகள் பிரியும், எட்டு வயதிலேயே பிள்ளைகள் தம்மை மதத்தால் எண்ணத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவர்களுடைய அச்சம். இந்த அச்சத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. பாடசாலைகளை இனத்தாலும் மதத்தாலும் மொழியாலும் பிரித்து வைத்துவிட்டு அதன் விளைவை அறுவடை செய்த நாட்டில் வாழ்கிறவன் நான்.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. பல பிரெஞ்சுப் பாடசாலைகளில் வெள்ளிக்கிழமை மீன் நாள். வெள்ளியன்று இறைச்சியை விலக்கும் கத்தோலிக்க வழக்கத்தின் மிச்சம் அது. அதை யாரும் மதம் என்று கருதுவதில்லை, வழக்கம் என்றே கருதுகிறார்கள். தன் வழக்கம் மனிதர் எல்லோருக்கும் பொது என்றும் அடுத்தவன் வழக்கம் மதம் என்றும் காண்பது பெரும்பான்மையின் கண்ணுக்கு இயல்பாக வரும் நோய். பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் வருவதல்ல.

இன்னொன்று. 2018இல் அவர்கள் ஓர் உணவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி 2019 நவம்பர் முதல் பாடசாலைகளில் கிழமைக்கு ஒரு நாளாவது இறைச்சியும் மீனும் இல்லாத சாப்பாடு போட வேண்டும். பரீட்சார்த்தமாகத் தொடங்கியதை 2021ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தரமாக்கிவிட்டது. காரணம் சூழலும் ஆரோக்கியமும். அதே பிள்ளைகள், அதே மேசை, இறைச்சி இல்லாத அதே பீங்கான். முஸ்லிம் பிள்ளையின் பீங்கானில் இறைச்சி இல்லாதபோது குடியரசு ஆட்டங்காணும் என்றவர்கள், பூமியின் வெப்பத்துக்காக அதே இறைச்சியை எடுத்தபோது அப்படிச் சொல்லவில்லை. (2021 பெப்ரவரியில் கொரோனாவைக் காரணங்காட்டி லியோன் நகரசபை சில கிழமைகளுக்கு இறைச்சியை நிறுத்தியபோது அமைச்சர்களே கொதித்தார்கள் என்பதும் உண்மை. இறைச்சியைப் பற்றிய கோபம் முழுவதும் நம்மைப் பற்றியது என்று நினைத்துக்கொள்வதும் ஒரு வகைக் கர்வந்தான்.)

ஆகவே எல்லோருக்கும் ஒரே உணவு என்பது சமத்துவமல்ல, சமத்துவத்தின் ஒரு சின்னம் மட்டுமே. ‘கொபேன்’ என்ற சொல் ஒரே கறியைத் தின்றவன் என்று சொல்லவில்லை. பாணைப் பங்கிட்டவன் என்றுதான் சொல்கிறது. பிரெஞ்சு மேசையில் பாண் எல்லோருக்கும் நடுவில் இருக்கும், கறி அவரவர் பீங்கானில் இருக்கும். கடையில் சாப்பிடும்போதும் பாணுக்கும் ஒரு கூசாத் தண்ணீருக்கும் தனிக்காசு இல்லை. மற்றதெல்லாம் தெரிவு. தம் மேசையின் அமைப்பிலேயே இந்தப் பிரச்சினைக்கான விடையை அவர்கள் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1848 பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு விருந்தைத் தடை செய்யப் போய், பரிஸ் மக்கள் வீதிக்கு இறங்கி, மூன்றே நாளில் லூயி பிலிப் முடி துறந்து ஓடிய நாடு அது. ஒன்றாக இருந்து சாப்பிடும் உரிமைக்காக ஆட்சியையே கவிழ்த்தவர்களுக்கு அதன் விலை தெரியாதிருக்காது.

இதுவரை கொடுப்பவரின் கடமையைப் பேசினேன். மறுப்பவருக்குக் கடமை இல்லையா?

இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஹலாலைக் கடைப்பிடிப்பது நமக்கும் இறைவனுக்கும் இடையிலான விடயம். அதை விருந்தளித்தவரின் முகத்தில் அறைவது வேறு விடயம். நபியவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை, விரும்பினால் உண்பார்கள், விருப்பமில்லையேல் விட்டுவிடுவார்கள் என்று ஹதீஸ் தொகுப்புகளில் காண்கிறோம். குறை கூறாமல் விட்டுவிடுதல் என்பதும் ஒரு மேசை ஒழுக்கந்தான். மூக்கைச் சுளித்து, ‘சீ, இதைத் தின்கிறார்களே’ என்று காதுபட முணுமுணுக்கிற நம்மவரை நான் பரிஸிலும் கண்டிருக்கிறேன், கொழும்பிலும் கண்டிருக்கிறேன். ஒருவருடைய உப்பைத் தின்றபின் அவருக்குத் தீங்கு செய்வதை நாம் உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்போம். பிரெஞ்சுக்காரர் அதையே ‘சூப்பில் துப்புதல்’ என்கிறார்கள். தின்னாமலே துப்புகிறவனுக்கு இரண்டு மொழியிலும் பெயர் இல்லை.

நம் மேசையையும் பார்க்க வேண்டும். நம் கலியாணங்களில் சஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்கிறோம். ஒரே தட்டில் ஆறு கைகள். இதைவிடச் சமத்துவமான சாப்பாடு உலகில் உண்டா என்று மேடைகளில் பேசியிருக்கிறேன். என் மகளின் கலியாணத்துக்கு என்னோடு முப்பது வருடம் படிப்பித்த தமிழ் நண்பர் வந்தார். மரக்கறி மட்டும் உண்பவர். அவருக்கென்று மரக்கறிச் சோறு தனியே எடுத்து, மூடி, பக்குவமாக வைத்திருந்தோம். வைத்த இடம், உள்ளே ஓர் அறை. நாங்கள் ஆறு ஆறு பேராகச் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் அந்த அறையில் மின்விசிறிக்குக் கீழே தனியாக இருந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, நன்றி சொல்லிப் போனார். கறியில் ஒரு குறையும் வைக்கவில்லை நாங்கள். ஒரு சஹனைச் சுற்றி ஐந்து பேரும், ஆறாவது இடத்தில் தன் பீங்கானோடு அவருமாக இருந்திருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. ஷலோன் மேயர் பயந்த அந்தப் பிரிந்த மேசையை நான் என் வீட்டிலேயே, அன்போடு, போட்டு வைத்திருந்தேன்.

மாற்று உணவு கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நாம் இங்கிருந்து எழுதுவது அதனால்தான் எனக்குப் போதாமல் தெரிகிறது. கறியை மாற்றுவது சமையற்காரரின் வேலை. கதிரையை எங்கே போடுவது என்பது வீட்டுக்காரர் தீர்மானிக்க வேண்டியது.

மேசைக்கு வருவதைச் சமைக்கிறவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பரிஸ் மாநகரம் ஆண்டுதோறும் மிகச் சிறந்த பகெத் பாணுக்குப் போட்டி வைக்கிறது. வெல்பவர் ஓராண்டுக்கு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் வழங்குவார். 2013இல் வென்ற ரிதா கதேரும் 2021இல் வென்ற மக்ரம் அக்ருத்தும் துனீசியாவிலிருந்து வந்தவர்கள். 2023இல் வென்றவர் தர்ஷன் செல்வராஜா, நம் இலங்கையில் பிறந்தவர். மா, தண்ணீர், உப்பு, நொதி தவிர வேறொன்றும் அந்தப் பாணில் சேர்க்க முடியாதபடி 1993ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று காவல் நிற்கிறது. பிசைகிற கை எந்த நாட்டுக் கை என்பதைப் பற்றி அந்த ஆணையில் எதுவுமில்லை. 2022இல் யுனெஸ்கோ அந்தப் பாணின் கைவினையையும் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அந்த ஆசிரியையின் மேசைக்குத் திரும்புகிறேன். நான் ‘மெர்ஸி’யால் பட்ட பாட்டைத் தம்பி மொழிபெயர்த்ததும் அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு கிழங்குப் பாத்திரம் முழுவதையும் என் முன்னால் வைத்துவிட்டார். மேசையில் தமக்கு மட்டும் ஒரு கிண்ணம் திராட்சை மது ஊற்றியிருந்தார். எங்களுக்காக அதை ஒளிக்கவும் இல்லை, ஒரு வாயாவது பாருங்கள் என்று வற்புறுத்தவும் இல்லை. அவருடைய கிண்ணம் அவர் பக்கம், எங்கள் தண்ணீர்க் கூசா எங்கள் பக்கம், நடுவில் பாண். பாற்கட்டி வரும் நேரத்தில் தம்பியிடம், இனி ‘வூ’ வேண்டாம், ‘த்து’ என்றே பேசலாமே என்றார். நீங்கள் என்பதை விட்டு நீ என்று பேசுவதற்கு அனுமதி கேட்க அவர்களிடம் தனி வினைச்சொல்லே இருக்கிறது. தம்பிக்கு வயதில் மூத்தவரை நீ என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசிவரை ‘வூ’ என்றே சொன்னான். அவரும் அதை ஒரு மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பியின் மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளுடைய பாடசாலையில் மாற்றுக் கறி இல்லை. பன்றியிறைச்சி நாளில் என்ன செய்வாய் என்று வீட்டுக்கு வந்தபின் கேட்டேன். தன் பீங்கானில் உள்ள சொசேஜைப் பக்கத்தில் இருக்கும் கூட்டாளிக்குக் கொடுத்துவிடுவாளாம். கூட்டாளி தன் பாணைத் தருவாளாம். எனக்கு மனம் கனத்துவிட்டது. அந்த நாட்களில் கவலையாக இருக்காதா மகள் என்றேன்.

“இல்ல பெரிய வாப்பா” என்றாள். “அவளுக்கு ரெண்டு சொசேஜ் எண்டா நல்ல விருப்பம். எப்ப அந்த நாள் வரும் எண்டு அவதான் கேட்டுக்கொண்டிருப்பா.”